பினித்தாக்கில் ஒரு படகு

அன்று மாலை இசிதோரா டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். சன்னலோரம், பக்கத்து அறையிலிருந்து தூக்கிவந்து போட்ட மூங்கில் கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை அண்டக் கொடுத்து, நோயாளி செவேரோ. அவன் கால்மாட்டில் அவன் மனைவி பெலிசா; விட்டால் எழுந்து ஓடிவிடுவான் என்பதுபோல அவன் கணுக்காலை ஒரு கையால் பிடித்திருந்தாள். வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, செவேரோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மகாரியோ. ஜீப்னி என்ற சவாரி வண்டி ஓட்டுகிறவன், எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டி கண்ணில் படுகிற இடத்தில்தான் உட்காருவான். மேசைக்கு வலப்பக்கம், வீட்டிலேயே நல்ல நாற்காலியில், காலடியில் கால் கட்டிய சேவலும் ஒரு புட்டி ஜின்னுமாக, உடம்பைவிட்டு விலகிய உயிரைக் கூப்பிடுகிற கிழவி, ஆப்போ கண்டிதா. டைப்ரைட்டருக்கு முன்னால், செவேரோவின் அக்கா, எல்லாரும் 'மனாங்', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற இசிதோரா.

ஆறாவதாக ஒருவன் உண்டு. அவன் கூடத்தில் இல்லை. அவனைக் கூப்பிடத்தான் இவர்கள் கூடியிருந்தார்கள்.

ஆப்போ கண்டிதா செவேரோவின் அழுக்குச் சட்டையை எடுத்து டைப்ரைட்டரின் மேல் விரித்து மூடினாள்.

"ஆப்போ, சட்டைய எடுங்க. எழுத்து எங்க விழுதுன்னே தெரியாது."

"சட்டை இருந்தாத்தான் வாசனை பிடிச்சு வருவான்."

"அப்ப நான் தோள்ல போட்டுக்கறேன்."

"அப்புறம் அது உன் வாசனை ஆயிடும். நீ தினம் சோப்பு போடறவ."

வாசற்படியில் மகாரியோ சிரித்தான். பெலிசா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் சிரிப்பை இருமலாக்கினான். இருமல் இந்த வீட்டில் அதைவிட மோசம் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். கடைசியில் சட்டையை டைப்ரைட்டரின் உருளைக் குமிழில் மாட்டுவதென்று முடிவாயிற்று. இசிதோரா ஒரு வரி அடித்துப் பார்த்தாள். உருளை நகர நகர, தொங்கிய கைப்பகுதியும் மேசைமேல் ஊர்ந்து கூடவே நகர்ந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

இந்த நிலைக்கு அவர்கள் வந்த கதை இது.

இசிதோரா பசுக்கின் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். இலோக்கானோ மொழியில் வாரப் பத்திரிகைக்குச் சிறுகதை எழுதி எழுதிப் பெயர் வாங்கியவள். நாற்பத்தைந்து வயதில்தான் மணிலாவிலிருந்து ஆசிரியர் கடிதம் போட்டார்: புது வருஷத்துக்கு ஒரு தொடர்கதை வேண்டும். முதல் வரைவாக இருந்தால் போதும், மெருகு பிறகு பார்க்கலாம்; ஆனால் முடிவுவரை முழுசாக அக்டோபர் கடைசிக்குள் என் மேசைக்கு வர வேண்டும். முடிவு தெரியாத தொடர்கதையைத் தொடங்கி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டோம். தவறினால் இடம் வேறொருவருக்குப் போகும்.

அந்தக் கடிதத்தை அவள் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள் என்று மகாரியோ ஊரெல்லாம் சொன்னான். பொய் இல்லை.

எழுதுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் வரைவில் எதற்காகவும் நிற்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் அடித்து, அடித்த தாளைக் கவிழ்த்துவைத்து, அடுத்ததுக்குப் போக வேண்டும். பெயர் தேடி நின்றால் கை நின்றுவிடும் என்பதால், வீட்டில் உள்ளவர்கள் பெயரையே போட்டுவிடுவாள். இரண்டாம் வரைவில் எல்லாரும் வேறு பெயர் எடுத்துக்கொள்வார்கள். ஊரில் எத்தனையோ பேர் அவள் முதல் வரைவுகளில் கல்யாணம் பண்ணிக்கொண்டு, சண்டை போட்டு, கொலை செய்து, ஒன்றும் தெரியாமல் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நாவலில், ஊரைவிட்டு ஒதுங்கி ஒரு கடற்கழிக்குப் போய்த் தனியாகப் படகு கட்டுகிற உப்புக்காரன் ஒருவன் வருகிறான். அவனுக்கு அவள் தம்பியின் பெயரைப் போட்டாள். செவேரோவும் உப்புக் காய்ச்சுகிறவன்தானே. கை தானாகப் போயிற்று. கழிக்கு மட்டும் இல்லாத ஒரு பெயர் வேண்டும் என்று நாக்கில் வந்ததை அடித்தாள்: பினித்தாக். அங்கே அந்த உப்புக்காரனுக்கு இருமல் வருகிறது. ஒருநாள் சாப்பாட்டில் உப்புத் தெரியவில்லை என்கிறான். பாதி கட்டிய படகில் சாய்ந்தபடி, யாரும் கூப்பிட வராமல் செத்துப்போகிறான். அந்த அத்தியாயத்தை அடித்து முடித்தபோது, இதுவரை எழுதியதிலேயே இதுதான் உண்மையாக வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போய் வறுத்த ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றாள்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஒரே மேசையில் அக்காவும் தம்பியும் பெலிசாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செவேரோ பாகற்காயும் கத்தரிக்காயும் போட்ட குழம்பை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னான்:

"என்ன பெலிசா, உப்புக்காரன் வீட்டுலயே உப்புக்குப் பஞ்சமா?"

பெலிசா ருசி பார்த்தாள். "நாக்கு செத்துப்போச்சா உனக்கு? கரிக்குது."

இசிதோராவின் கைக்கரண்டி அப்படியே நின்றது. அந்தத் தாளை அவள் யாருக்கும் காட்டியிருக்கவில்லை. குழம்பில் கரித்தது உப்புதான், சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு இருமல் வந்தது. உப்புக் கொட்டகையின் புகை என்று முதலில் எல்லாரும் சொன்னார்கள். பிறகு துணியில் சிவப்பு வந்தது. லாவோக் நகர டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரலில் ஒரு நிழல் இருக்கிறது, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். இசிதோராவே வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொடுத்தாள். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். நிறுத்தியது யாருக்கும் தெரியக் கூடாதென்று தினமும் டைப்ரைட்டரின் முன் உட்கார்ந்தாள். காற்று அடித்தது, தென்னை ஆடியது என்று யாருக்கும் கெடுதல் வராத வரிகளாகப் பார்த்து அடித்தாள். பக்கத்து அறையிலிருந்து இருமல் கேட்கும். அவள் நாவலில் எழுதியிருந்தபடியேதான் கேட்டது: முதலில் இரண்டு சின்ன இருமல், ஒரு இடைவெளி, பிறகு நீளமாக ஒன்று. இப்படி இருமுகிற ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. காதில் விழுந்த மாதிரி எழுதியிருந்தாள், அவ்வளவுதான். அப்படியானால் அது எங்கேயிருந்து காதில் விழுந்தது?

விஷயம் வெளியே வந்தது உப்புப் பொட்டலத்தால். தேவையில்லாத பரீட்சைத் தாள்களை உப்பு மடிக்க பெலிசாவுக்குக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் கட்டு மாறிப்போயிற்று. வாரச் சந்தையில் உப்பு வாங்கிப் போன ஒரு கிழவி மறுநாளே கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, ஒரு கிண்ணம் சர்க்கரையோடு வாசலில் வந்து நின்றாள்.

"எப்படிம்மா போனான்? போன மாசம்கூட உப்புச் சட்டியைத் துடைச்சிட்டிருந்தானே!"

"யாரு?"

"உன் புருஷன்தான். இதோ அடிச்சே போட்டிருக்கே, பேரோட."

உள்ளேயிருந்து செவேரோ குரல் கொடுத்தான்: "சர்க்கரைய வாங்கிக்க பெலிசா. செத்தவன் காப்பிக்கு ஆகும்."

கிழவி தாளை விட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஓடினாள். பெலிசா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இசிதோராவின் மேசைக்கு வந்தாள். அவள் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மனாங், அங்க அவரை விட்டுட்டு வரும்போது கூப்பிட்டியா?"

"என்ன?"

"அந்த பினித்தாக்ல. எழுந்திரிச்சு வரும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டியா, இல்லையா?"

ஆற்றங்கரையோ கல்லறையோ, எந்த இடத்தைவிட்டுக் கிளம்பினாலும் அந்த ஊரில் பெயர் சொல்லி, 'வந்துடு, பின்னால நின்னுடாதே' என்று கூப்பிடாமல் யாரும் கிளம்புவதில்லை. உடம்பு நடந்துவிடும், உயிர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் கடைசிப் பிள்ளை பெயர்வரை இசிதோராவே கூப்பிட்டுத்தான் திருப்பிக் கூட்டிவருவாள். ஆனால் டைப்ரைட்டரைவிட்டு எழுந்திருக்கும்போது யார் கூப்பிடுவார்கள்?

"அது கதை, பெலிசா. பேரை மாத்திடுவேன். இப்பவே மாத்திடறேன்."

"பேரை மாத்தினா அவர் அங்க பேரில்லாம நிப்பாரு. அப்புறம் எதைச் சொல்லிக் கூப்பிடுவே?"

இசிதோரா தாள் கட்டைக் கையில் எடுத்தாள். எரித்துவிடலாமா என்று கேட்டாள். பெலிசா அவளை அடித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். "உள்ள ஆள் இருக்கும்போதா?"

ஊர் இதை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டது. சிலர் அவள் கண்ணில் படாமல் தெருவின் மறுபக்கமாக நடந்தார்கள். மகாரியோ மாதிரி சிலர், "மனாங், என் வண்டிக்கு ரெண்டு டயர் எழுதிக் குடேன். புதுசா வேண்டாம், ஓரளவு ஓடினதாப் போடு, அதிகம் ஆசைப்படக் கூடாது" என்றார்கள். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து, அடிக்காத வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நம்புகிறோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. நம்பாதவளுக்கு எழுத வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஆப்போ கண்டிதா வந்ததும் முதலில் கேட்டது வழியைத்தான்.

"சட்டையைத் தூக்கிட்டு அந்த இடத்துக்குப் போயிக் கூப்பிடணும். பினித்தாக் எந்தப் பக்கம்? வடக்கா?"

"அப்படி ஒரு இடமே இல்ல ஆப்போ. நானா வெச்ச பேரு."

"இல்லாத இடத்துக்கு நீ எப்படிப் போனே?"

"எழுதிக்கிட்டே போனேன்."

கிழவி சேவலின் கழுத்தைத் தடவியபடி யோசித்தாள். ஐம்பது வருஷமாக உயிர் கூப்பிடுகிறவள். ஆற்றுச் சுழலுக்கும் இடுகாட்டுக்கும் போனவள். "அப்ப அந்த வழியாத்தான் போகணும்" என்றாள். "நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால அடிக்க அடிக்க வாய்விட்டுச் சொல்லு."

இப்படித்தான் அந்த மாலை ஐந்து பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

இசிதோரா அடித்தாள், அடித்ததை வாய்விட்டுச் சொன்னாள். ஒரு பெண் கையில் சட்டையோடு மணல்மேட்டில் ஏறுகிறாள். மறுபக்கம் கழி தெரிகிறது. தண்ணீர் வற்றியிருக்கிறது. படகு முன்னே இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதில் சாய்ந்திருந்த ஆள் அங்கே இல்லை.

"இல்லையா?" என்றாள் பெலிசா.

"எழுந்திருச்சு நிக்கறான்."

அதை அடிக்கும்வரை இசிதோராவுக்கே தெரியாது. பல வாரங்களாக வராத கை இப்போது வந்தது. வந்த வேகத்தில் அவளுக்கே பயமாயிருந்தது. அவன் முதுகைக் காட்டி நிற்கிறான். கையில் உளி இருக்கிறது. பலகை இடுக்கில் நார் திணிக்கிறான். சட்டை இல்லாத முதுகு.

"கூப்பிடு" என்றாள் ஆப்போ கண்டிதா.

இசிதோரா அடித்தாள்: செவேரோ, வந்துடு. பின்னால நின்னுடாதே. கிழவியும் அதையே கணீரென்று கூப்பிட்டாள். பெலிசா கூப்பிட்டாள். வாசற்படியிலிருந்து மகாரியோவும், முதலில் வெட்கப்பட்டு, பிறகு வண்டிக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டான். உருளையில் தொங்கிய கைப்பகுதி மேசை விளிம்புவரை ஊர்ந்து, வரி முடிந்து மணி அடித்ததும் திரும்பிப்போயிற்று.

அடுத்த வரி வரவில்லை.

'அவன் திரும்பினான்' என்று அடிக்கலாம். சின்ன வரி. எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அடித்தால் அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. குழம்பில் உப்புத் தெரியாமல் போனதை எந்தக் கண் பார்த்ததோ, அதே கண் இப்போது அந்த முதுகைப் பார்த்தது. அது திரும்பவில்லை. பொய்யாக ஒருவனைக் கூட்டிவந்தால், வருவது யார்?

"என்ன ஆச்சு? வராரா?" என்றாள் பெலிசா.

"இரு."

"ஒரு வரிதானே மனாங்! அடிச்சா உன் விரல் தேஞ்சுடுமா?"

"அவன் திரும்பலயே பெலிசா. நான் என்ன பண்ணட்டும்?"

யாரும் எதிர்பாராமல் கட்டிலிலிருந்து செவேரோ பேசினான். அதுவரை கண்ணை மூடியிருந்தான்.

"மனாங், நான் அங்க என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"பலகைக்கு நடுவுல நார் அடைக்கறே."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். கீழ இருந்து ரெண்டாவது பலகை."

"அப்ப இன்னும் பிசின் ஊத்தல."

"இல்ல."

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "பாதியில விட்டா தண்ணி உள்ள வந்துடும். முடிச்சிட்டு வரேன்னு சொன்னான்னு எழுது."

இசிதோரா அடித்தாள். அடிக்கும்போதே தெரிந்தது, அவன் சொன்னது அதுதான். திரும்பாமல், உளியை நிறுத்தாமல் சொன்னான்.

"சொல்லிட்டாருல்ல!" பெலிசா அழுதபடியே சிரித்தாள். "வரேன்னு சொல்லிட்டாருல்ல!"

ஆப்போ கண்டிதா சட்டையைக் கழற்றி செவேரோவுக்கு மாட்டிவிட்டாள். பொத்தான் போடும்போது மட்டும் இசிதோராவைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "கூப்பிட்டா வருவாங்க, இல்லாட்டி மாட்டாங்க. வேலையிருக்குன்னு சொன்னவனை நான் பார்த்ததில்ல." சேவலையும் ஜின்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர், மாத்திரை இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்றார். இசிதோராவும் அதையே எல்லாரிடமும் சொன்னாள். செவேரோ சோறு சாப்பிட்டான். முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனால் தன் அறையில், மேற்கே கடல் பக்கம் பார்த்த சன்னலைவிட்டு நகரவில்லை. பேசினால் பேசுவான், கேலி பண்ணினால் சிரிப்பான். ஒரு கூப்பிடுதூரம் தள்ளியிருந்து பேசுகிற மாதிரி, பதில் கொஞ்சம் தாமதித்தே வரும். தினம் காலையில் அவன் அக்காவிடம் கேட்பது ஒன்றுதான்.

"படகு எந்த மட்டுல இருக்கு?"

அவள் உட்கார்ந்து எழுதுவாள். ஒரு பலகை. பிசின் காய்ச்ச ஒரு பானை. ஒருநாள் முழுக்க ஓர் ஆணி மட்டும். படகு சாயாமல் இரண்டு பக்கமும் கட்ட மூங்கில் வெட்டப் போய், பொருத்தமான மூங்கில் கிடைக்காமல் திரும்பினான் என்று ஒரு அத்தியாயம். பெலிசா சமையலறையிலிருந்தே எட்டிப்பார்த்துக் கேட்பாள்: "இன்னைக்கு அடிச்சிட்டியா? ரொம்ப அடிச்சிடாதே. துடுப்பு மட்டும் இப்ப செஞ்சு குடுக்காதே மனாங், கிளம்பிடப் போறாரு." வரைவு கனத்துக்கொண்டே போயிற்று. அவள் எழுதியதிலேயே மிக மெதுவாக நடந்த கதை அது. ஒரு வரிகூடச் சோடை இல்லை. இப்படி எழுத வேண்டுமென்றுதான் இத்தனை வருஷமும் ஆசைப்பட்டாள்.

அக்டோபர் முடிய வந்தது. ஆசிரியரிடமிருந்து தந்தி: முடிவோடு நாவல் எங்கே?

"அனுப்பிடு மனாங்" என்றான் மகாரியோ. "கடைசித் தாளை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பு. ஊர் முழுக்க உன் கதையப் படிக்கட்டும், நான் வண்டியில மாட்டி வெக்கறேன்."

"ஆள் அங்கதான் இருக்காரு" என்றாள் பெலிசா. "அவரை மடிச்சு உறையில போட்டு மணிலாவுக்கு அனுப்பப் போறியா?"

இசிதோரா தம்பியின் கட்டிலுக்குப் போனாள்.

"நீ சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

"முடிச்சிடு மனாங். நல்லா வந்திருக்கு படகு. எனக்கும் வேலை பாதியில நின்னா பிடிக்காது."

"முடிஞ்சா அதை எந்தப் பக்கம் தள்ளுவே?"

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். பதில் வழக்கத்தைவிடத் தாமதித்து வந்தது. "நீதானே எழுதறே?"

"இல்ல. அதான் எனக்குப் பயம்."

மறுநாள் மத்தியானம், பெலிசா உப்பு விற்கப் போயிருந்தபோது, அவள் தெரிந்துகொள்ளத் துணிந்தாள். தாளைச் செருகினாள். கடைசி மூங்கிலைக் கட்டினாள். அவன் படகின் பின்புறம் தோளைக் கொடுத்து நின்றான். ஒரு வரி அடித்தாள். அடுத்த வரியில் படகின் மூக்கு மெல்லத் திரும்பியது. ஊர்ப் பக்கமாக இல்லை, திறந்த கடலுக்கு.

பக்கத்து அறையில் இருமல் கேட்டது: இரண்டு சின்னது, ஒரு இடைவெளி. மூன்றாவது வரவில்லை.

இசிதோரா ஓடினாள். செவேரோ கட்டிலைவிட்டு எழுந்து, வெறுங்காலோடு, சன்னல் விளிம்பை இரண்டு கையாலும் தள்ளுகிற மாதிரி பிடித்து நின்றிருந்தான். வெகுநாளாக அவன் முகத்தில் இல்லாத சந்தோஷம் இருந்தது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. திரும்பி ஓடி, அடித்த இரண்டு வரியையும் எழுத்து எழுத்தாக எக்ஸ் போட்டு அழித்தாள். அதன் கீழே, மூங்கில் கட்டு நழுவியது, அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று என்று அடித்தாள். உள்ளே மூன்றாவது இருமல் நீளமாக வந்தது. கட்டில் முனகியது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எட்டிப்பார்த்தபோது, அவன் கன்னத்தில் ஈரம் இருந்தது. அவனை இருக்கவைத்தது அவனுக்காகவா, தனக்காகவா என்ற கேள்வியோடு மேசைக்கு வந்து, நல்ல தாள் ஒன்றை எடுத்து, கையால் எழுதினாள்.

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் தந்தி கிடைத்தது. நாவலை அனுப்ப இயலாது. முடிவு எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். இடத்தைத் தாங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டுகிறேன். இனி தொடர்கதை கேட்டு எழுத வேண்டாம். சிறுகதை வேண்டுமானால் எழுதுங்கள், அதில் யாரும் நீண்ட நாள் தங்குவதில்லை. தங்கள் உண்மையுள்ள, இசிதோரா.

ஒருமுறை படித்தாள். பிழை இல்லை. மூன்றாக மடித்து உறையிலிட்டு, பானையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி விளிம்பில் தடவி, விரலால் அழுத்தி ஒட்டினாள். மகாரியோ லாவோக் போக வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். வாங்கிக் கையில் எடைபோட்டுப் பார்த்தான்.

"என்ன மனாங் இவ்வளவு லேசா இருக்கு? நாவல் எங்க?"

"வீட்டுல இருக்கு. பெரிய தபாலாபீஸ்லயே போட்டுடு, வழியில யார்கிட்டயும் குடுக்காதே."

அவன் கடிதத்தைச் சட்டைப் பையில் செருகி, பொத்தானைப் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தான்.